மேல்துறைத் தண்ணீர்

ஆற்றின் மேல்துறை வெள்ளைக் கொக்குகளுக்கு. அவை குளித்துக் கலக்கிவிட்ட தண்ணீர் கீழ்துறையில் காக்கைகளுக்கு. ஏன் என்று கேட்டால், காக்கை மேலே வந்து முங்கினால் அதன் கறுப்பு தண்ணீரில் கரைந்து தங்கள் மேல் ஒட்டிக்கொள்ளும் என்று கொக்குகள் சொல்லும்.

பறவைகளின் சபைக்குப் புதிதாகத் தேர்வான மைனா முதல் நாளே எழுந்தது.

"கூட்டுக்கு மரம், இரைக்கு இடம் எல்லாத்தையும் பேசுவோம். முதல்ல தண்ணி. கலங்கல் குடிச்சுக் காக்காக் குஞ்சுங்க சாகுது. இனிமே ரெண்டு துறையும் எல்லாருக்கும்!"

சபையில் ஒரே கூச்சல். ஆனாலும் ஓட்டெடுப்பில் சட்டம் நிறைவேறிவிட்டது.

மறுநாள் காலை ஒரு காக்கை தயங்கித் தயங்கி மேல்துறையில் இறங்கி முங்கியது. பக்கத்தில் நின்ற கிழக் கொக்கு பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒற்றைக் கண்ணைத் திறந்து தன் இறகைப் பார்த்தது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"அப்பாடா! ஒண்ணும் ஒட்டலப்பா" என்று பெருமூச்சு விட்டது.

காக்கையும் தன் இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கும் இப்பத்தான் உசிரு வந்துச்சு. உங்க வெள்ளை என் மேல ஒட்டிட்டா, வீட்டுல சேர்த்துக்குவாங்களோ மாட்டாங்களோன்னு ஒரே பயம்."