பார்சல் போட்டாச்சு

கணவருக்கு உடம்பு தேறிவிட்டதென்று நம்பித்தான் பொற்கொடி அந்த ஆக்சிஜன் மெஷினை இணைய ஏலத்தில் விற்றாள். விற்ற மறுநாளே அவருக்குத் திரும்பவும் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஏலத்தில் எடுத்தவன் போனில் கேட்கும்போதெல்லாம், "பார்சல் போட்டாச்சு தம்பி" என்று சமாளித்தாள். ஒரு மதியம் அவனே வாசலில் வந்து நின்றான்.

"அம்மா ரொம்ப முடியாம கிடக்காங்கக்கா. எந்த பார்சல் ஆபீஸ்ல இருக்குன்னு சொல்லுங்க, நானே போய் எடுத்துக்கறேன்."

உள்ளே மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அவன் எட்டிப் பார்த்தான். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவரையே பார்த்தபடி நின்றான். சத்தம் போடப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவனோ குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"ராத்திரிக்கு மட்டும் கொண்டுபோனா, இவரு தாங்குவாராக்கா?"

படுக்கையில் கணவர் கண்களைத் திறந்து, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.