மஞ்சள் வராத பட்டியல்

“இதுவும் வேண்டாம்” என்றார் வேல்சாமி.

சத்யபிரியா பல்லைக் கடித்துக்கொண்டாள். இது நாலாவது.

இலத்தூர்ச் சாலையில் இருக்கும் அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில் அவர் இருபத்திரண்டு வருஷத்துப் பெரிய கிளார்க். அவள் வந்து பன்னிரண்டு நாள். ஒரு மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் சொந்த ஊரான சுரண்டைக்கே பஸ் ஏற வேண்டியதுதான்.

தாளாளர் குற்றாலீஸ்வரன் கொடுத்த முதல் பெரிய வேலை. எல்.கே.ஜி.யில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பட்டியல். ஆபீசுக்குள் மட்டும் திறக்கும் வெப் பக்கமாக அதைச் செய்திருந்தாள். அரக்குத் தலைப்பு, கிளிப்பச்சைக் கரை. தாளாளர் தந்த எக்செல் தாளில் கடைசிக் கட்டத்தில் 1 என்று இருந்த பதினாலு பேருக்கு மட்டும் மஞ்சள் பட்டை; அந்தக் கட்டத்தைப் பக்கத்தில் காட்டவில்லை. மஞ்சள் தாளாளர் சொன்னது. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வந்து பன்னிரண்டு நாளானவள் கேள்வி கேட்பாளா?

அதை அப்படியே பி.டி.எஃப். ஆக்கிக் கேட்டில் ஒட்ட வேண்டும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். சல்லிக்காசு செலவாகக் கூடாது.

ஓசியில் கிடைப்பதை எல்லாம், மாதிரிப் பக்கம் ஒன்றை வைத்து மூன்று நாளாகச் சோதித்தாள்.

முதல் கம்பெனிக்காரன் ஒவ்வொரு பக்கத்திலும் தன் பேரைக் குறுக்கே அடித்து அனுப்பினான், தேர்தல் சுவரெழுத்து மாதிரி. இரண்டாவதில் தமிழ் உடைந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். மூன்றாவது, இரண்டு பக்கம் சும்மா கொடுத்துவிட்டு மூன்றாம் பக்கத்துக்குக் கார்டு நம்பர் கேட்டது. நாலாவதில் எல்லாம் அச்சு அசலாக வந்தது. அதைத்தான் வேண்டாம் என்கிறார்.

“பிள்ளைக பேரு, அப்பன் பேரு எல்லாத்தையும் அவன் கம்ப்யூட்டர்லல்லா ஏத்தச் சொல்லுதான். சரிப்படாது.”

நியாயம்தான். தனக்கே தோன்றியிருக்க வேண்டும். அதனால் எரிச்சல் கூடியது.

கடைசியில் பிரவுசரிலேயே பிரிண்ட் கொடுத்து, தாளுக்குப் பதில் பி.டி.எஃப். என்று சேமித்தாள். பேர் வெளியே போகவில்லை. எழுத்து உடையவில்லை. காசும் இல்லை. மூன்று நாள் ஊரெல்லாம் தேடியது வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஆனால் கலர் வரவில்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான்.

“இதான் சரி. அனுப்பிரு.”

“மஞ்சள் வரலையே அண்ணாச்சி.”

“பேரு வந்துட்டுல்லா?”

அவள் விடவில்லை. இருந்த பட்டனை எல்லாம் துழாவினாள். அடியில், பின்னணி நிறத்துக்கென்று ஒரு சின்னக் கட்டம். டிக் போட்டாள். மஞ்சள் பளபளவென்று வந்து உட்கார்ந்தது.

வேல்சாமி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கண் கூசுகிறது என்றார். மவுசை வாங்கி அந்த டிக்கை எடுத்தார். அவரே சேமித்தார், அவரே குழுவுக்கு அனுப்பினார். அச்செடுத்துக் கேட்டில் ஒட்டியதும் அவரே.

பொறாமை பிடித்த மனுஷன். நேற்று வந்தவள் பேர் வாங்கிவிடக் கூடாது. நாளைக்குத் தாளாளர் கேட்கட்டும், டிக் விஷயத்தைப் போட்டு உடைக்கிறேன் என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் காலையில் சாரல். கேட்டில் ஒரே குடைக் கும்பல். குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் அறை கூட்டும் மாரிச்செல்வி, சீருடைச் சேலையோடு பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே நுழைந்த சத்யபிரியாவை நிறுத்தினாள்.

“ஏம்மா, கவர்மெண்ட் குலுக்கல்ல ஃபீஸ் இல்லாமச் சேந்த பிள்ளைகள எங்கன தனியாப் போட்டிருக்கு?”

மகள் பேரைக் கேட்டு, சத்யபிரியா விரலை ஓட்டினாள். ஒன்பதாவது. கடைசிக் கட்டத்தில் 1 இருந்த பேர் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மாரிச்செல்வி மேலே உள்ள பேரையும் கீழே உள்ள பேரையும் வாசித்தாள்.

“டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் ரைஸ்மில்காரவுக பேத்திக்கும் நடுவுலல்லா இருக்கா” என்று சிரித்தாள். “எங்க தெருப் பிள்ளைக்கு வேற ஸ்கூல்ல செவப்புக் கோடு போட்டுட்டாவ. வருசம் பூரா அவளுக்குச் செவப்புக்கோடுன்னுதான் பேரு.”

போனில் பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

தாளாளர் ரூமில் மேசை, சோபா, ஏ.சி. எல்லாவற்றிலும் ‘பெற்றோர் அன்பளிப்பு’ என்று எழுதியிருக்கும். அந்த மேசையில் பட்டியலை விரித்து வைத்திருந்தார். காசு கட்டினது யார், சும்மா வந்தது யார் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டாமா, மஞ்சள் எங்கே என்றார்.

நான்தான் அச்செடுத்தேன், ஓசி மென்பொருளில் இவ்வளவுதான் வரும் என்று வேல்சாமி அசராமல் சொன்னார். மாசாமாசம் பணம் கட்டினால் கலர் வருமாம்.

தாளாளர் முகம் சுருங்கியது. சத்யபிரியா பக்கம் திரும்பினார்.

“நீ கம்ப்யூட்டர் படிச்ச பிள்ள. காசில்லாம மஞ்சள் வர வழியே கெடையாதா?”

ஒரு டிக். அவளுடைய வேலையே அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இருந்தது.

“கெடையாது சார்.”

தாளாளர் பட்டியலை மடித்தார்.

“அப்ப கறுப்பாவே இருக்கட்டும். அண்ணாச்சி, இந்தப் பிள்ளைக்கு ஆர்டர் அடிச்சிரும். செலவு வைக்காத பிள்ள.”

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் அவள் கேட்டாள்.

“அந்த டிக் உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“நாலு வருசமா.”

“பெறவு எதுக்கு என்னை மூணு நாளு தேட விட்டிய?”

“தேடுனோம்னு சொல்லணும்லா.”

டீயை உறிஞ்சினார்.

“ஓசியில வந்ததுக்கெல்லாம் மஞ்ச அடிக்கணும்னா, ஏ பிள்ள, மொதல்ல தாளாளர் ரூமுக்குல்லா அடிக்கணும்.”