போர்டின் பெயர்

கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி மேசையின் மேல் இரண்டு பிராசஸர் பெட்டிகள் இருந்தன. இரண்டுமே விலை உயர்ந்தவை. ஒன்றுக்கான மதர்போர்டில் மற்றது பொருந்தாது.

“உங்க பொண்ணுகிட்ட என்ன போர்டு சார் இருக்கு?” என்றார் கடைக்காரர்.

“தெரியலியேப்பா.”

“சரி, அதுல என்ன வேலை பண்றாங்க?”

“கார்ட்டூன் படம் பண்றா.” அது ஒரு வேலையா என்று கேட்டுத்தான் இரண்டு வருடங்களுக்கு முன் திருவேங்கடம் மகளை வீட்டைவிட்டுப் போகச் சொன்னார். நாளை அவள் பிறந்தநாள்.

“பெட்டியப் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது சார். போன் போட்டுக் கேட்டுடுங்க.”

“என் நம்பர எடுக்க மாட்டா.”

கடைக்காரர் அவரிடம் எண்ணை வாங்கித் தன் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். பூங்கோதை உடனே எடுத்தாள். கடையின் பெயரைச் சொன்னதும் உற்சாகமானாள். அவர் கேட்டதும் போர்டின் பெயரை மாடல் எண்ணோடு ஒப்பித்தாள். பிறகு சிரித்தாள்.

“ஆனா நான் எதுவும் கேக்கலியே அண்ணா. யாரு எனக்கு வாங்குறது?”

கடைக்காரர் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். “யாருன்னு சொல்லட்டும் சார்?”

திருவேங்கடம் கையை எடுக்கும்படி சைகை காட்டினார். போனருகே குனிந்தார்.

“ஹலோ” என்றாள் அவள் மறுபடியும்.