நாற்பது பைட்டைக் காணோம்

"முடி வெட்டிக்கப் போனப்ப நாற்பது பைட் கூடுதலா இருந்துச்சு. வந்து பார்த்தா உள்ளே அடங்கியிருக்கு. எப்படி?"

டிவி திரையையும் அதனோடு இணைத்திருந்த பழைய கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தபடி கேட்டான் கணவன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"குறைஞ்சா நல்லதுதானே?"

"நான் குறைக்கலையே."

நாற்பது வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டரில், பதினாறு கிலோபைட்டுக்குள் ஒரு விளையாட்டு எழுத வேண்டும். அதுதான் போட்டி. ஒரு பைட் கூடினாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்று மாலை ஐந்து மணிதான் கெடு. கல்யாணமான இந்த ஆறு மாதத்தில் கிடைத்த நேரத்தையெல்லாம் அவன் இதில்தான் கொட்டியிருந்தான்.

இது முதல் தடவையும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை, விளையாட்டில் வரும் லிஃப்ட் ஏழாவது மாடியில் சிக்கிக்கொண்டது. தலையைப் பிய்த்துக்கொண்டு, அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் வந்தால் லிஃப்ட் சமர்த்தாக எட்டாவது மாடிக்குப் போய் வருகிறது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்றே அவனுக்குப் புரியவில்லை.

"நானே தூக்கத்துல எழுந்து எழுதுறேனோ?"

"தூக்கத்துல நீங்க குறட்டை மட்டும்தான் விடுறீங்க. அதுக்கு நான் சாட்சி."

சந்தேகம் மச்சான் மேல் திரும்பியது. மனைவியின் அண்ணன். அவள் பிறந்த வீட்டைக் காலி செய்தபோது இந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இங்கே போட்டவர். வீட்டுச் சாவி ஒன்று அவரிடமும் இருந்தது. போன் போட்டான்.

"மச்சான், மறைக்காம சொல்லுங்க. என் புரோகிராம்ல கை வெச்சீங்களா?"

"எனக்கு டிவி ரிமோட்டே தகராறு மாப்ள. என்னை ஏன் வம்புக்கு இழுக்குறீங்க?"

போனை வைத்தவனுக்கு இன்னும் குழம்பியது.

"அப்போ இது அந்தக் கட்டெறும்போட வேலைதான்."

கட்டெறும்பு என்பது புனைபெயர். மூன்று வருஷமாக முதல் பரிசை யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஆள். முகம் பார்த்தவர் கிடையாது, விளையாட்டைப் பதிந்த கேசட் தபாலில் வந்துவிடும். அந்த ஆளை ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டால் போதும் என்பதுதான் அவனுடைய வெறி.

"அவங்க எதுக்கு உங்களுக்கு உதவி பண்ணணும்?"

"உதவியா? உள்ளே ஏதாவது வேட்டு வெச்சிருப்பான். நடுவர் விளையாடும்போது லிஃப்ட் அறுந்து விழும். பெரிய மீசை வெச்ச சிடுமூஞ்சியா இருப்பான், பாரு."

"இருக்கும்," என்றபடி அவள் ஒரு சட்டையை நீவி மடித்தாள். "மணி நாலாகுது. கேசட்ல பதிஞ்சுக்கிட்டுக் கிளம்புங்க."

போட்டி அலுவலகத்தில் நுழைந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அலுவலர் கேசட்டை ஓடவிட்டுச் சோதித்தார். லிஃப்ட் எட்டு மாடியும் ஏறி இறங்கியது.

"மூணு பைட் மிச்சம் இருக்கு. இறுக்கமா எழுதியிருக்கீங்க."

பாராட்டை வாங்கிக்கொள்ள அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பேச்சை மாற்றினான்.

"கட்டெறும்பு கொடுத்தாச்சா சார்?"

"இந்த வருஷம் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு விளையாட்டுதான்னு புதுசா விதி போட்டிருக்கோம். அதனால விலகிக்கிட்டாங்க."

"அந்த வீட்டுல வேற யார் எழுதுறாங்க?"

அலுவலர் கேசட்டின் மேலிருந்த முகவரியைப் படித்தார். அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தார். அவனுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

'இந்த வருஷம் என் வீட்டுக்காரர் முறை. அடுத்த வருஷம் என் முறை. இப்படிக்கு, கட்டெறும்பு.'