நீல ரோஜா

“ரொம்ப வலிக்குமா?” என்றார் ஆஞ்சப்பன். ஓசூர் ஆஸ்பத்திரியில், ஆஞ்சியோகிராம் அறை வாசலில், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தார்.

மனைவி மாதேஸ்வரி அவருடைய சில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். “வலிக்காதுங்க. மணிக்கட்டுல மரத்துப்போக ஊசி போடுவாங்க. அங்கருந்து மெல்லிசா ஒரு குழாய் இதயம் வரைக்கும் போவும். மருந்து பாயறப்ப உடம்பெல்லாம் வெதுவெதுன்னு இருக்குமாம். டாக்டரு நேத்து சொன்னாரே.”

“முழிச்சிட்டேவா?”

“ஆமா. நம்ம தளி ஊருத் தோட்டத்துல வெள்ளை ரோஜாவை நீலச் சாயத் தண்ணில வெப்போமே, அப்பிடி நெனச்சுக்குங்க. சாயம் காம்புல ஏறி, இதழு நரம்பெல்லாம் தெரியுமில்ல? அதேதான். எங்க அடைச்சிருக்குதுன்னு திரையில காட்டிரும்.”

அவர் கண்களை மூடினார். இருட்டில் ஒரு வெள்ளை ரோஜா, நரம்பு நரம்பாக நீலமேறி, மெல்ல விரிந்துகொண்டே போனது.

கதவு திறந்தது. “மாதேஸ்வரி யாரு? உள்ள வாங்கம்மா.”

அவள் எழுந்தாள். அவர் அவள் கையை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துவிட்டு, நர்ஸிடம் சொன்னாள்:

“சாப்பிடக் கூடாதுன்னது எனக்கு மட்டுந்தான்னு இவருகிட்ட நீங்களாவது சொல்லுங்க சிஸ்டர். கேன்டீன்ல ரெண்டு இட்லி தின்னுட்டு வரட்டும்.”