பரிசீலனையில் ஒரு கை

பக்கவாதத்திலிருந்து தேறிவரும் ரத்தினசபாபதியை நடக்கப் பழக்க வந்த பிசியோதெரபிஸ்ட் செண்பகவல்லி, இடது கையைத் துப்பட்டாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். மறந்துபோய் அவர்மேல் பட்டுவிடக் கூடாதே!

"ஏம்மா, ஒத்தக் கையிலயே புடிக்கிறே?"

"இன்சூரன்ஸ்ல வலது கைக்கு மட்டுந்தானுங்க அங்கீகாரம் வந்திருக்குது. இடது கை இன்னும் பரிசீலனையில கெடக்குதுங்க."

இடது கைக்கும் அதே பட்டச் சான்றிதழைத் திரும்பத் திரும்ப அனுப்பி அவளுக்கு அலுத்துவிட்டது. இரண்டு கையும் ஒரே கல்லூரியில்தானே படித்தன என்று சண்டைகூடப் போட்டுப் பார்த்துவிட்டாள். காதில் போட்டுக்கொள்ளத்தான் அங்கே ஆளில்லை.

அடுத்த அடி வைக்கையில் பெரியவரின் கால் மடங்கியது. துப்பட்டாவை உருவிக்கொண்டு இடது கையும் பாய்ந்தது. இரண்டு கையாலும் அவரைத் தாங்கிப் பிடித்தாள்.

சிகிச்சையைக் கண்காணிக்கச் சுவரில் மாட்டியிருந்த இன்சூரன்ஸ் கருவி உடனே அலறியது. "அங்கீகாரம் பெறாத கை நோயாளியைத் தொடுகிறது. கையை எடுக்கவும்."

"எடுத்தா விழுந்துருவாரு! அறிவிருக்குதா உனக்கு?"

கருவி சற்று யோசித்தது. பிறகு வெகு தன்மையாகச் சொன்னது:

"விழலாம். விழுந்து அடிபட்டால் முழுச் செலவுக்கும் காப்பீடு உண்டு."