முந்திக்கொண்டு விழுகிறவர்

"இவர்கூட இனிமே என்னால முடியாது மாஸ்டர்!"

துணிக்கடை மேனேஜர் பாயைவிட்டு எழுந்தே விட்டார். நாளெல்லாம் கடையில் நின்ற கால்கள் விண்விண் என்று தெறித்தன. ஒரு தடவை கோட்டை விட்ட பெல்ட் பரீட்சை, அடுத்த வாரம் மறுபடியும் வருகிறது.

ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைத் தனியாகப் பழக முடியாது. ஒருவர் வந்து பிடிக்க, மற்றவர் அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கீழே சாய்க்க வேண்டும். மேனேஜருக்கு வாய்த்ததோ கொட்டாவி விடும் பல் டாக்டர்.

"அப்படி என்ன பண்றார்?" மாஸ்டர் அலுப்போடு கேட்டார்.

"ஒண்ணுமே பண்றதில்ல, அதான் கோளாறு! ஏனோதானோன்னு கையைப் பிடிக்கிறார். நான் திருப்புறதுக்குள்ள பொத்துனு விழுந்து, 'போதும், விடு'ன்னு பாயைத் தட்டறார். இந்த லட்சணத்துல பரீட்சையில நான் என்னத்தைக் கிழிக்கறது?"

டாக்டர் மறுத்துப் பேச வாய் திறக்கவில்லை. இன்னொரு கொட்டாவிக்குத்தான் திறந்தார்.

"சரி, வேற ஆளைக் கூப்பிட்டுக்கோங்க," என்றார் மாஸ்டர்.

மேனேஜர் தபால்காரர் முன்னால் போய்க் குனிந்து வணங்கினார். ஜோடி சேர அழைப்பது அங்கே அப்படித்தான்.

"கால் முட்டி வலி சார்," என்றார் தபால்காரர். கட்டுப் போட்டிருந்ததென்னவோ மணிக்கட்டில்.

அடுத்து நின்ற காலேஜ் பெண், நன்றாகக் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தாள். தண்ணீர் குடிக்கப் போன சமையல்காரர் திரும்பவே இல்லை.

"எல்லாம் சோம்பேறிக் கூட்டம்! எதுக்குத்தான் வர்றாங்களோ!"

மற்றவர்கள் மளமளவென்று ஜோடி சேர்ந்துகொண்டார்கள். மேனேஜர் மட்டும் நடுவில் தனியாக நின்றார். வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

டாக்டர்தான் எழுந்து வந்து குனிந்தார். "வாங்க சார்."

"இப்பவாவது நல்லா இறுக்கிப் பிடிங்க டாக்டர்."

"மாட்டேன் சார். நாளைக்கு இந்தக் கையாலதான் பல் பிடுங்கணும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"தபால்காரர் கையில கட்டைப் பார்த்தீங்கல்ல? நீங்க முறுக்கினதுதான். அந்தப் பொண்ணுக்குப் போன மாசம் தோள்பட்டை. பாயைத் தட்டினாலும் நீங்க விடறதில்ல சார். மாஸ்டரும் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போயிட்டார்."

மேனேஜர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது. குரல் இறங்கிப் போயிற்று.

"அப்புறம் ஏன் டாக்டர் தினமும் என்கூடவே நிக்கறீங்க?"

டாக்டர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, வழக்கம்போல மெதுவாக அவர் கையைப் பிடித்தார்.

"நீங்க பாஸாகணும்னா யாராவது ஒருத்தர் விழுந்துதானே ஆகணும் சார்?"